உள்ளே ஒன்றும் வைக்க மாட்டேன்

வீட்டில் குரோசான் என்கிற பிரெஞ்சு அடுக்கு ரொட்டி செய்து விற்பவளுக்கு முதல் எதிரி வெயில், அடுத்த எதிரி, "உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்கிறவர்கள். மாவுக்குள் வெண்ணெயை வைத்துத் தேய்த்து, மடித்து, ஃபிரிட்ஜில் குளிரவிட்டு, மறுபடி தேய்க்கிற வேலை இது. இதற்காக எலக்ட்ரானிக் சிட்டி கம்பெனி வேலையை விட்டேன். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாரு. ஓடலைன்னா பழைய வேலைக்கே போயிடு" என்று என் வீட்டுக்காரர் கெடு வைத்தார். அந்தக் கம்பெனி பஸ்ஸில் இனி ஏறுவதில்லை என்று நானும் முடிவு செய்துவிட்டேன். சக பாவிகளே, மீதியைக் கேளுங்கள்.

முதல் போணி

நீலசந்திராவில் எங்களுக்குக் கீழ்வீட்டு ஷம்ஷாத் ஆன்ட்டிதான் முதல் போணி. கடித்தார், பிய்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடுக்குக்கு நடுவே காற்று இருப்பதுதான் இதன் அழகு என்று விளக்கினேன். எடுபடவில்லை. என்னை 'பேட்டி', அதாவது மகளே, என்றுதான் கூப்பிடுவார்.

"பேட்டி, பேக்கரி பஃப்ஸுல பாதி முட்டையாவது இருக்கும். நீ காத்துக்கா காசு வாங்குற?"

பொங்காத மாவு

ஒரு ஞாயிறு, மடித்த மாவை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுச் சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் திறந்து பார்த்திருக்கிறார். நம் வீடுகளில் மாவு என்றால் இட்லி மாவுதானே! வைத்தது வைத்தபடி கிடக்கிறதே என்று பரிதாபப்பட்டு, வெளியே எடுத்து, துணி போர்த்தி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

நான் வந்தபோது வெண்ணெய் சமையல் மேடையிலிருந்து தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கத்தினேன், பிறகு உட்கார்ந்து அழுதேன். அவர் முகத்திலோ அவ்வளவு அக்கறை.

"குளுருல பொங்கவே இல்ல ஸ்டெல்லா, அதான் புளிக்கட்டும்னு வெச்சேன்."

கைமா நிபந்தனை

டிசம்பரில் கோயில் பாடகர் குழுவுக்குப் பெரிய ஆர்டர் கொண்டுவந்தார், அந்தக் குழுவை நடத்துகிற ரோஸி மிஸ். கெடு நெருங்கிவிட்டது, இது கிடைத்தால் பிழைத்தேன். ஒரே நிபந்தனை, உள்ளே மட்டன் கைமா, அதாவது கொத்துக்கறி, வைக்க வேண்டும். 'சரி' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கைமா வைத்தால் அடுக்கெல்லாம் ஈரமாகி நசுங்கிவிடும். அதற்குத்தான் தெருவுக்குத் தெரு பஃப்ஸ் கடை இருக்கிறதே, நான் எதற்கு? "வெண்ணெய் மட்டும்தான் மிஸ்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உனக்கு வியாபாரம் வேணுமா, வீம்பு வேணுமா? நாளைக்கு வந்து கேக்குறேன்."

கெடு

மறுநாள் அவர் வந்தபோது என் கையெல்லாம் மாவு. வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். கெடு வைத்த ஆளாயிற்றே, தலையாட்டிவிடுவார் என்று பயந்தேன். "வைக்க மாட்டா மிஸ். வெண்ணெய் உருகினதுக்கே எப்படி அழுதான்னு நான் பாத்திருக்கேன்" என்றார். ரோஸி மிஸ் போனார், ஆர்டரும் கூடவே போனது.

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டேன். "கிறிஸ்துமஸ் வந்துடுச்சே, அப்போ கெடு?" என்று கேட்டேன். அவர் ஃபிரிட்ஜ் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்து, சரியாக மூடியிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு சொன்னார்.

"எந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ்னு நான் சொல்லவே இல்லையே."

ஒரு வீட்டில் வீம்பு பிடித்தவர்கள் இரண்டு பேர் ஆகிவிட்டால், பாவிகளே, ஆர்டர் இருக்கிறதோ இல்லையோ, அதைத் தொழில் என்றுதான் சொல்ல வேண்டும்.