கவிழ்த்த சட்டிகளுக்குக் கீழே

விரலை மடக்கிச் சட்டியின் வயிற்றில் ஒரு தட்டு. பிறகு காதை அருகில் கொண்டுபோய் ஒரு கணம் அசையாமல் இருப்பது. பாவாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகமில்லை, அந்தச் சத்தம்தான். மணி மாதிரி ஒலித்தால் சட்டியை வலப்பக்கம் வைப்பார். அடைத்த தொண்டை மாதிரி வந்தால் இடப்பக்கம். விரிசல் விட்ட மண்சட்டி அப்படித்தான் பேசும். சந்தையில் குழம்புச் சட்டி வாங்கும்போது நாங்களும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவோம். ஆனால் பாவா எங்கள் வாசலில் குவித்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த சட்டிகள் அடுப்புக்குப் போகவில்லை. எங்கள் வீட்டுக் கூரைக்குள் போயின.

பாவா என் அக்காவின் வீட்டுக்காரர். டிப்ளமா படித்துவிட்டு பெங்களூரில் சூட்டை அடக்கிக் கட்டும் வீடுகளுக்கு சூப்பர்வைசராக வெகுகாலம் இருந்தவர். பிறகு ஊருக்கு வந்து, இங்கேயே கான்ட்ராக்ட் எடுத்துக் கட்ட ஆரம்பித்தார். நான் எட்டாவதோடு நின்றவள். வீட்டில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். படிப்பு நின்றாலும் பயப்படுவது நிற்கவில்லை. பஸ் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று பயம். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுப் பாதித் தெரு போனதும் திரும்பி வந்து பார்ப்பேன். என்னைப் போன்ற ஒருத்தி, தலைக்கு மேலே சட்டிகளைக் கவிழ்த்து வைத்த வீட்டில் குடியேறினாள் என்றால் அதற்குக் காரணம் நைனாதான், என் அப்பா.

குடியேறுவதற்கு முந்தைய கோடை. சித்திரை பிறந்தால் டிவியில் எங்கே அதிக வெயில் என்று வாசிப்பார்கள், திருத்தணி பெயர் அநேகமாக முதலில் வந்துவிடும். மற்ற ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். எங்களுக்கு அது அப்போதுதான் தாண்டி வந்த பகல். பழைய வீட்டுக்கு மொட்டைக் கான்கிரீட் தளம். மத்தியானம் வாங்கிய சூட்டை விளக்கு வைத்த பிறகும் தலைமேல் கொட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்குக் கரண்ட் இல்லை. மோர் கொடுக்கலாம் என்று உள்ளே போனேன். நைனா கட்டிலில் உட்கார்ந்து, செத்துப்போன என் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். மாட்டுக்குத் தண்ணி காட்டினியா என்று அதட்டிக் கேட்கிறார். தொட்டேன். உடம்பு அனலாகக் கொதிக்கிறது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தோம். வெளியே வரும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆனா உங்கப்பா தாங்கமாட்டாரும்மா" என்றார். அந்த வார்த்தையோடுதான் நான் வீட்டுக்கு வந்தேன். அடுத்த சித்திரை எப்படியும் வரும். அதை யாரால் நிறுத்த முடியும்?

கே.ஜி.கண்டிகை போகும் வழியில், மலை தெரிகிற மாதிரி எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. பாவா அங்கே கட்டிக்கொடுக்கிறேன் என்றார். ஏசி மாட்டலாமே என்று கேட்டேன். "கரண்ட் போச்சுன்னா ஏசி உனக்கு விசிறுமா? வீடே விசிறணும்" என்றார். மேற்கே நின்ற வேப்பமரத்தை வெட்டவிடவில்லை. மேற்கு வெயில் முதலில் குளியலறையிலும் சாமான் அறையிலும் மோதட்டும் என்று அவற்றை அந்தப் பக்கம் ஒதுக்கினார். சூடான காற்று மேலே ஏறி வெளியே போக, கூரையை ஒட்டிச் சன்னமான திறப்புகள் விட்டார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் இடைவெளி விட்டுச் சுவர் எழுப்பினார். எனக்கு அன்றைக்கே தூக்கம் போய்விட்டது.

"சுவத்துக்குள்ள சந்து விட்டா பாம்பு வந்து குந்திக்காதா பாவா?"

"ரெண்டு பக்கமும் அடைச்ச சந்தும்மா அது. பாம்பு வரணும்னா எங்கிட்ட வந்து சாவி வாங்கினு போவணும்."

கூரை அதைவிட மோசம். பலகை அடித்துக் கம்பி கட்டி, கம்பிகளுக்கு நடுவே ஒவ்வொரு சட்டியாகக் கவிழ்த்து வைத்து, மேலே கான்கிரீட் கொட்டினார்கள். கூரையின் கீழ்ப்பாதியில் பாரத்தைத் தாங்குவது கம்பிதான், கான்கிரீட் அங்கே வெறுமனே கிடந்து சூட்டைச் சேர்த்து வைக்கிறது, அதைக் குறைத்தால் சூடும் குறையும், செலவாகும் சிமெண்டும் குறையும் என்பது அவர் கணக்கு. மேலே வெயிலைத் திருப்பி அனுப்ப உடைந்த வெள்ளை டைல்ஸ் பதித்தார். பலகையைப் பிரித்த அன்று அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுக்க வட்ட வட்டமாகச் சட்டிகளின் வாய். எல்லாம் கீழே என்னைப் பார்த்துத் திறந்திருந்தன.

தெருவில் விஷயம் பரவிவிட்டது. பால்காரர், "மேல கொழம்பு கொதிச்சிச்சா?" என்று கேட்காமல் பால் ஊற்றமாட்டார். பாவாவே ஒரு மொட்டை மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தது அவர்களுக்கு இன்னும் வசதி. "ஊருக்கெல்லாம் சட்டி, அவரு மட்டும் ஓட்டல் அடுப்புல கீறாரு" என்பார்கள். பாவா சிரித்துக்கொள்வார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கம் அடுப்பங்கரைச் சட்டியைக் கவிழ்த்து வைப்பது சாவு விழுந்த வீட்டில்தான். அங்கே அன்றைக்குச் சமையல் இல்லை என்று அர்த்தம். வெயிலிலிருந்து நைனாவைக் காப்பாற்ற, அந்தச் சட்டிகளுக்குக் கீழேயே கட்டிலைப் போட்டிருக்கிறோம். இந்தப் பக்கம் பார்த்தாலும் பயம், அந்தப் பக்கம் பார்த்தாலும் பயம்.

அந்தச் சித்திரையும் வைகாசியும் நைனா மயங்கவில்லை. வெளியே தார் உருகுகிற பகலில் உள்ளே வெறும் தரையில் கால் வைத்தால் சில்லென்று இருந்தது. அதை நான் நம்பியும் நம்பாமலும் இருந்தபோதுதான் ஆடிக் கிருத்திகை வந்தது.

அம்மையார்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட அத்தை, நைனாவின் தங்கை, வருஷா வருஷம் காவடி எடுத்துவருவாள். கூட்டம் முதலில் அண்ணன் வீட்டில் இறங்கும். மாடி ஏறி மலையைப் பார்த்து ஒரு கும்பிடு, பம்பை முழங்க ஓர் ஆட்டம், அதற்குப் பிறகுதான் படியேறப் போவார்கள். இந்த வீட்டுக்கு அவர்கள் வருவது அதுதான் முதல் தடவை. ஆண்கள் புஷ்பக் காவடியோடு நேரே மாடிக்குப் போய்விட்டார்கள். அத்தை நைனாவைப் பார்க்க உள்ளே வந்தாள். பேச வாயெடுத்தவள் மேலே பார்த்தாள்.

"இன்னாடி இது? சட்டியக் கவுத்து வெச்சிட்டு அதுங்கீழ எங்கண்ணனப் படுக்க வெச்சிருக்கீங்க! எழவு வூடாடி இது?"

"குளுமைக்கு அத்தை. பாவாதான்…"

"ஆங், குளுமை. எல்லாம் முடிஞ்சா உடம்பு தன்னால குளுந்துடும். அண்ணா, எழுந்திரு. எங்கூட வந்துடு."

"உன் வூட்ல இன்னா இருக்குது?" என்றார் நைனா. "மேல ஷீட்டு, கீழ தறி. ரெண்டுமா சேந்து என்ன வறுத்துடும்."

அத்தை அவர் கையைப் பிடித்து இழுத்தாள். நான் தடுக்கவில்லை. போகட்டுமே என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. ஏனென்றால் அப்போது மேலே பம்பை ஆரம்பித்திருந்தது. எத்தனை கால்கள் குதித்தனவோ, அந்த அதிர்வு சுவரில் சாய்ந்திருந்த என் முதுகு வரைக்கும் வந்தது. நான் சட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண் முன்னாலேயே ஒரு சட்டியின் வாயிலிருந்து மண் உதிர்ந்தது. அடுத்து ஒரு கட்டி பொத்தென்று நைனாவின் மார்பில் விழுந்தது.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அத்தை வாசலுக்கு ஓடிவிட்டாள். காவடிக்காக வாசலில் போட்டிருந்த பந்தலிலிருந்து பாவா ஓடிவந்தார். நைனாவைத் தூக்குங்க என்று நான் கதறுகிறேன். அவரோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டிலுக்கும் கூரைக்கும் நடுவில் ஏறி நின்று, இரண்டு கையையும் உயர்த்தி உள்ளங்கைகளைக் கூரையில் பதித்துக்கொண்டார். தாங்கிப் பிடிப்பவர் மாதிரி. மேலே ஆட்டம் நிற்கவில்லை. ஸ்டூலை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு சட்டியாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். மணிச் சத்தம், மணிச் சத்தம். மண் விழுந்த சட்டியின் கீழ் வந்ததும் உள்ளே விரலை விட்டுத் துழாவினார். மிச்சம் இருந்ததைப் பெயர்த்து என் கையில் வைத்தார். காய்ந்த மண்ணில் சின்னச் சின்ன அறைகள்.

"குளவிக் கூடும்மா. குளவிக்கே வீடு புடிச்சிப்போச்சு, உனக்குத்தான் புடிக்கல."

நைனா மார்பில் கிடந்த மண்ணைத் தட்டிவிட்டு, "வாடகை குடுக்காம குடியிருந்திருக்குது" என்றார். வாசலில் அத்தைகூட சிரித்துவிட்டாள். அண்ணனைக் கூட்டிப்போகும் பேச்சை அவள் பிறகு எடுக்கவில்லை. ஆனால் உள்ளே வந்து உட்காரவும் இல்லை. காவடி கிளம்பிப் போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கம் போனேன். குழாயடியில் பாவா குந்தியிருந்தார். தண்ணீர் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. முகம் கழுவ அள்ளிய தண்ணீரெல்லாம் வழியிலேயே சிந்திவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உங்களுக்கும் பயமா பாவா?"

குழாயை மூடினார். "கம்பி கட்டின நாள்லேருந்து பயம்தாம்மா. நான் கட்டின எல்லா வூட்லயும் இப்படித்தான், திரும்பத் திரும்ப ஏறிப் பாப்பேன். டிராயிங்ல போட்டதவிட நெருக்கித்தான் கம்பி கட்டுவேன். வேஸ்ட்டு பண்றேன்னு பெங்களூர்ல திட்டுவாங்க. உனக்குப் பயம் வாய்ல வருது, எனக்குக் கம்பியில வருது. அவ்ளோதான். அக்காகிட்ட சொல்லிடாத."

அன்றைக்குப் பிறகு அந்த அறையில் கொஞ்சம் கண் அயர முடிந்தது. கூரை பலமானது என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள், அதெல்லாம் என் பயத்தை அசைக்கவில்லை. அதைப் போட்டவரும் என்னைப் போலத் திரும்பத் திரும்ப வந்து பார்க்கிறவர் என்று தெரிந்த பிறகுதான் மனசு சற்று இறங்கியது. தெருப்பாதியிலிருந்து திரும்பி வந்து கேஸ் அடுப்பைப் பார்ப்பேனே, பாவாவும் கூரைக்கு அப்படித்தான் இருந்திருக்கிறார்.

பாவா எங்களை விட்டுப் போனது சில வருஷம் கழித்து, கனகம்மாசத்திரத்தில், ரோட்டோரம் ஒரு கடைக் கட்டடத்தில். கத்திரி வெயில் காலம். மறுநாள் காலையில் ரெடிமிக்ஸ் கான்கிரீட் வண்டி வருவதாக இருந்தது. ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, கம்பியை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாக மேலே ஏறியிருக்கிறார். காலையிலேயே ஒரு தரம் பார்த்தாகிவிட்டது. ஆட்கள் சாப்பிட்டு வந்தபோது அவர் கம்பிகளின் மேலேயே கிடந்தார். தூக்கியவர்களின் கைகளில் கம்பி சுட்டது என்றார்கள். உடம்பில் வியர்வை இல்லை என்று அக்கா போனில் சொன்னாள். எனக்கு வேறெதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

இத்தனை வருஷமும் ஒரே ஆளைக் காத்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் இருக்கிறவர் மூச்சு விடுகிறாரா என்று வேலைக்கு நடுவில் எட்டி எட்டிப் பார்த்தேன். வெயில் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டது. நைனா இன்றைக்கும் அதே சட்டிகளுக்குக் கீழே இருக்கிறார். மருமகனைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். "என் தலைக்கு மேல இவ்ளோ செஞ்சாரு. அவரு தலைக்கு ஒரு துணி போட ஆளில்லாமப் போச்சே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்தச் சித்திரையில் எங்களுக்கு எதிரில் ஒரு வீடு எழும்புகிறது. சாதாரணத் தளம்தான், சட்டி கிட்டி ஒன்றுமில்லை. மத்தியானத்தில் தையலை விட்டுவிட்டு வாசலில் வந்து நிற்கிறேன். மேலே கம்பி கட்டுகிறவர்கள் தலையில் துண்டோடு குனிந்திருக்கிறார்கள். முதல் நாள் எங்கள் வீட்டுக்குள் வந்து கொஞ்சம் படுங்கள் என்று கூப்பிட்டபோது மேஸ்திரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வேல கெடும்மா" என்றார். மறுநாளும் கூப்பிட்டேன். இப்போது உச்சி வெயிலில் இறங்கி வருகிறார்கள். நைனாவின் கட்டிலைச் சுற்றி வெறும் தரையில் முதுகைப் போட்டுப் படுக்கிறார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் மேலே பார்த்து ஏதாவது கேட்கிறார்கள். நைனா பதில் சொல்கிறார். நான் உள்ளே போவதில்லை. எல்லாரும் வந்துவிட்டார்களா என்று வாசலிலேயே நிற்கிறேன்.

இன்றைக்கு ஒருவர் இன்னும் மேலேயே இருக்கிறார். வயசானவர், ஆந்திரா பக்கத்து ஆள். ஒரு வரிசை முடித்துவிட்டு வருகிறேன் என்று கையைக் காட்டுகிறார். ஆங் என்று தலையாட்ட என்னால் முடியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு சாரத்தின் அடி வரைக்கும் போகிறேன்.

"நைனா, அத அப்புறம் பாத்துக்கலாம். எறங்கி வா, நைனா."

அவர் நிமிர்ந்து பார்க்கிறார். பிறகு மறுபடி குனிகிறார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.