சம்பந்தி குனியக் கூடாது

நான் கோல்ஃப் ஆடுகிறவன் என்று எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் சொன்னால் யாரும் மதிக்க மாட்டார்கள். அமெரிக்காவில் சொன்னாலும் மதிப்பில்லை, அங்கே தடுக்கி விழுந்தால் கோல்ஃப் ஆடுகிறவன் மேல்தான் விழ வேண்டும். எனக்கு மரியாதை கிடைக்கிற ஒரே இடம் விமான நிலையம். மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காகவே போகிற இடமெல்லாம் அந்தச் சனியனைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

டெக்சாஸில் நான் ஆடுகிற மைதானத்தில் புல் மெத்தை மாதிரி இருக்கும். பந்தை உயரத் தூக்கி அடித்தால் விழுந்த இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். நடக்க வேண்டாம், வண்டி இருக்கிறது. வண்டிக்குள் ஐஸ் பெட்டி இருக்கிறது. இந்தச் சொகுசில் இருபது வருடம் ஆடிவிட்டு, எனக்கு ஆட்டம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் லண்டனில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். இங்கிலாந்தில் சம்பந்தி வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்னால், நல்லேப்பிள்ளியில் அக்கா வீட்டில் இரண்டு வாரம் தங்கினேன். அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அம்மா வயலே கதி என்று கிடந்தபோது என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் அவள்தான். என் மகளும் பள்ளி விடுமுறை முழுவதையும் அவளோடுதான் கழித்தாள். இரண்டு வருடமாக அக்காவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று தடவை பாலக்காட்டு ஆசுபத்திரியில் டயாலிசிஸ். அதற்குப் போய்வருவதே அவளுக்குப் பெரும்பாடு, விமானம் ஏறுவதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

நான் தோப்பில் மட்டை வீசிப் பழகுவதை அவள் சேரில் உட்கார்ந்து பார்ப்பாள். ஒருநாள் பந்து தென்னையில் பட்டு என் காலுக்கே திரும்பி வந்தது.

"என்றா தம்பி, வேண்டாமுன்னு மரமே திருப்பிக் குடுக்குது" என்றாள்.

கிளம்புகிற அன்று மட்டும் அவள் கிண்டல் செய்யவில்லை. "கல்யாணத்தை இங்க வெச்சுக்க முடியுமான்னு பாரு கண்ணு. தாலி ஏறுறப்ப நான் பக்கத்துல நிக்கோணும். நிக்க முடியலீன்னா ஒரு சேரப் போட்டுக் குடு, உக்காந்துக்கறேன்."

"அதெல்லாம் இங்கதானுங்கக்கா. நான் பாத்துக்கறேன்" என்றேன். எதையும் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் சொல்கிற முதல் வார்த்தை அது.

சம்பந்தி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நல்ல உயரம், வலது முழங்கால் மடங்காது, முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர். முதல் ராத்திரிச் சாப்பாட்டிலேயே கல்யாணத்தை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. இரண்டு அப்பாக்களும் சேர்ந்து முடிவு செய்யுங்கள் என்று பிள்ளைகள் எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் ஊர்த் தேவாலயம் அழகானது என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார். எங்கள் ஊரும் அழகுதான் என்றேன். அவருக்கு என் மட்டைப் பை ஞாபகம் வந்தது. "அப்படியானால் ஆடியே தீர்த்துக்கொள்ளலாமே. நாளைக்கு இங்கே பக்கத்தில், மறுநாள் கடலோரத்தில். ஜெயித்தவர் ஊரில் கல்யாணம்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உள்ளுக்குள் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். முழங்கால் மடங்காத மனுஷன், நானோ டெக்சாஸ்.

அன்றிரவு மகள் என் அறைக்கு வந்தாள். "அப்பா, அத்தையால வர முடியாதுன்னு நான் அவங்ககிட்டச் சொல்லிடட்டுமா?"

"மூச்சு விடக் கூடாது. நாம பொண்ணு ஊட்டுக்காரங்க. கை நீட்டிக் கேக்கற மாதிரி இருக்கக் கூடாது. நாளைக்கு ஜெயிச்சா தானா நடக்குது."

அவள் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் போன மைதானத்தை 'ஹீத்' என்கிறார்கள். மணல் தரை, ஊசியிலை மரங்கள், எங்கே பார்த்தாலும் முழங்கால் உயரத்துக்கு ஊதாப்பூ பூத்த புதர். நடுவில் ஆடுகிற பாதை காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. தண்ணீருக்கு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊரில் பிறந்தவனுக்குப் பழுப்புப் புல்லைக் கண்டால் மனசு கேட்காது. பாவம், இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டதா என்று சம்பந்தியிடம் துக்கம் விசாரித்தேன். நாங்கள் வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறோம் என்றார். வண்டி எங்கே என்று கேட்டேன். என் காலைப் பார்த்தார்.

என் முதல் அடி அழகாக உயரப் போய்ப் பாதையின் நடுவில்தான் விழுந்தது. அங்கே உட்கார வேண்டிய பந்து, கல்யாண வீட்டில் கையை உதறிவிட்ட குழந்தை மாதிரி ஓடு ஓடென்று ஓடிப் புதருக்குள் போய் ஒளிந்துகொண்டது. அந்த ஊதாப்பூவைப் படத்தில் பார்த்தால் பரவசமாக இருக்கும். உள்ளே மட்டையை விட்டால் வேரெல்லாம் கம்பி. நாலு வீச்சுக்குப் பிறகு பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, என் மணிக்கட்டுதான் இடம் மாறியது போலிருந்தது. சம்பந்தியோ தரையோடு உருட்டி உருட்டி அடித்தார். ஒரு அழகும் இல்லை. எல்லாம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆனால் நான் தோற்றதற்கு அந்தப் புதர் காரணம் இல்லை. அங்கே ஆட்டக் கணக்கு வேறு. மொத்தம் எத்தனை அடி என்று பார்ப்பதில்லை, ஒவ்வொரு குழியும் ஒரு தனிப் போட்டி. பந்து குழிக்கு மிக அருகே வந்துவிட்டால், 'போதும், விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று எதிராளி பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கலாம். டெக்சாஸில் எங்கள் கூட்டம் கடைசி அங்குலம் வரை அடிக்க வைக்கிற கூட்டம், யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. இங்கே முதல் குழியில், சாண் தூரத்தில் கிடந்த என் பந்தைச் சம்பந்தி இப்படி விட்டுக்கொடுத்தார்.

அவ்வளவுதான். எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணைப் பெற்றவன் எழுந்துவிட்டான். மாப்பிள்ளையின் அப்பா எனக்கு மரியாதை செய்துவிட்டார், நான் சும்மா இருக்கலாமா? அடுத்த குழியில் அவர் பந்து முழ தூரத்தில் இருந்தது. அவர் குனிவதற்கு மடங்காத காலை ஒரு பக்கமாக நீட்டினார். எனக்கு உடம்பு கூசியது. ஊரில் சம்பந்தி செருப்பைத் தேடிக் குனிந்தாலே பெண் வீட்டார் ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பார்கள். "போதும், எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் சந்தோஷப்பட்டார். அது எனக்குப் பிடித்துப்போனது. அதற்கடுத்த குழியில் ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்த நீளம். அதற்கடுத்து, ஆள் படுத்தால் காலும் தலையும் வெளியே நீட்டாத தூரம்.

"நிச்சயமாகவா?" என்று அவரே கேட்டார்.

"பரவாயில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்."

எங்களோடு நடந்துவந்த மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, அது ரொம்ப தூரம். அவர் அடிச்சிருந்தா நிச்சயம் உள்ள விழுந்திருக்காது" என்றாள்.

"நீ சும்மா இரு. அவரு சம்பந்தி."

அன்று சாயங்காலம் நான் இரண்டு குழி பின்தங்கியிருந்தேன். அது நானே தட்டில் வைத்துக் கொடுத்தது.

மறுநாள் கடலோரம். அதை 'லிங்க்ஸ்' என்கிறார்கள். மரம் என்று ஒன்று கிடையாது. மணல் மேடு, அதன்மேல் சவரம் செய்த மாதிரிப் புல், அதற்கு அப்பால் சாம்பல் நிறக் கடல். அங்கிருந்து ஒரு காற்று வந்தது. சம்பந்தி என்னைப் பார்த்து, காற்று உங்களுக்குச் சிரமமாக இருக்குமோ என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மலை விலகிக் காற்றுக்கு வழி விட்ட ஊரில், ஆடிக் காற்றில் ஓடு பறக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான், காற்றைப் பற்றி எனக்குச் சொல்லவே வேண்டாம் என்று சின்னப் பிரசங்கமே செய்தேன். முடித்த கையோடு பந்தை வழக்கம்போல உயரத் தூக்கி அடித்தேன். அது மேலே போய், கொஞ்சம் யோசித்து, எங்கள் தலைக்கு மேலாகப் பின்பக்கம் வந்து விழுந்தது. மகள் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

அங்கே இருக்கிற மணல் குழிகள் கிணற்றுக்கு ஒன்றுவிட்ட தம்பிகள். ஒன்றில் இறங்கினேன், சுவர் என் மோவாய்க்கு வந்தது. முன்னால் அடிக்க வழியில்லாமல், வந்த பக்கமாகவே அடித்து வெளியேறினேன். மேலே ஏறக் கை கொடுத்துத் தூக்கிவிட்டவர் சம்பந்தி. அந்தக் கடனுக்கும் அடுத்த குழியில் ஒரு பாகம் விட்டுக்கொடுத்தேன்.

இருந்தாலும் மதியத்துக்குப் பிறகு எனக்குப் புத்தி கொஞ்சம் வந்தது. பந்தைத் தூக்காமல் அவரைப் போலவே உருட்ட ஆரம்பித்தேன். அதிர்ஷ்டமும் கூட வந்தது, ஒரு பந்து கல்லில் பட்டு நேராகக் குழியருகே போய் நின்றது. கடைசிக் குழிக்கு வரும்போது நான் ஒன்றே ஒன்றுதான் பின்னால். அதை ஜெயித்தால் சமம், இன்னொரு குழி ஆடலாம்.

அதில் நான் என் பந்தைப் போட்டு முடித்துவிட்டேன். சம்பந்தியின் பந்து குழியிலிருந்து ஒரு கைத்தடி நீளத்தில் கிடந்தது. அது விழுந்தால் இந்தக் குழி சமம், கல்யாணம் அவர் ஊரில். விழாவிட்டால் எனக்கு இன்னும் உயிர் இருக்கிறது. இரண்டு நாளில் இதைவிட இரண்டு மடங்கு தூரத்தையெல்லாம் விட்டுக்கொடுத்திருந்தேன். அவர் பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தார். எனக்கு அக்கா கேட்ட சேர்தான் கண்ணுக்குள் நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, காலை நீட்டி, மெல்லக் குனிந்து பந்தைத் தட்டினார். காற்றில் அவர் கால்சட்டை படபடத்தது. பந்து விளிம்பு வரை போய், விழவா வேண்டாமா என்று ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது. ஆட்டமும் போனது, இரண்டு நாளாகப் பொத்திப் பொத்திச் சேர்த்த மரியாதையும் போனது. அவர் கை குலுக்கியபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலமே அக்காவைக் கூப்பிட்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்த இடங்களில் சிரித்தாள்.

"அட, அங்கயே நடக்கட்டும் உடு. போன்ல பாத்துக்கறேன். கிட்டத்துல பாக்கறத விட அதுலதான் நல்லாத் தெரியுமாம்" என்றாள். பிறகு, "நான் வர முடியாதுன்னதுக்குச் சம்பந்தி என்ன சொன்னாரு?"

"அவருகிட்ட அதைச் சொல்லலீங்கக்கா."

"எத?"

"நீங்க வர முடியாதுங்கறத."

அக்கா சேரை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்ப ரெண்டு நாளா எதுக்குடா அந்தக் குச்சியத் தூக்கிட்டுத் திரிஞ்சே?"

இரவெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு புரண்டேன். கேட்டு வாங்குவது கேவலம், ஜெயித்து வாங்குவது கௌரவம் என்று ஒரு முட்டாள் எனக்குள் உட்கார்ந்திருக்கிறான். அக்காவுக்குத் தேவைப்பட்டது ஒரு சேர் போட இடம். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, காற்றில் பந்து விடப் போய்விட்டேன்.

காலைச் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இருந்தார்கள். உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். ஊரில் எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள், என்னை வளர்த்தவள், டயாலிசிஸில் இருக்கிறாள், அவளால் இவ்வளவு தூரம் வர முடியாது, கல்யாணத்தை எங்கள் ஊரில் வைத்துக்கொள்ள முடியுமா என்று மூச்சு விடாமல் கேட்டேன். தோற்ற பிறகு கேட்பது தப்புதான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

சம்பந்தி கோப்பையைக் கீழே வைத்தார். கோபித்துக்கொள்வார் என்றிருந்தேன். "இதற்காகவா ஆடினீர்கள்? முதல் நாள் சாப்பாட்டிலேயே சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்குமே" என்றார். சம்பந்தியம்மா எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"உங்கள் அக்காவுக்கு ஆசுபத்திரி எந்தெந்த நாள்? அதை விட்டுவிட்டு நாள் பார்க்கலாம்."

நான் வாயைத் திறந்தேன். வாரத்துக்கு மூன்று தடவை என்பது தெரியும்.

"செவ்வாய், வியாழன், சனி" என்றாள் மகள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.