பத்தாவது பிளொப்பி

போன கிழமை யாழ்ப்பாணம் ரவுனில் மகளுக்கு ஒரு மெமரி கார்ட் வாங்கினேன். விரல் நகத்தளவு. கடைக்காரத் தம்பி விலையைக் குறைத்தும் தந்தார். உறையைக் கிழித்ததும் ஒரு பிளாஸ்டிக் மணம். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், நான் அதை மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன். மகள் வெட்கப்பட்டு வெளியே போய்விட்டாள்.

அந்தக் காலத்தில் கொம்பியூட்டருக்குப் போட்ட எங்கள் பிளொப்பித் தட்டுகளுக்கும் அதே மணம்தான், கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து. தொண்ணூறுகளின் தொடக்கம், மின்சாரம் இல்லை. மானிப்பாயில் தவம் அண்ணை கொம்பியூட்டர் வகுப்பு நடத்தினார். இருந்தது ஒரே ஒரு கொம்பியூட்டர். அதற்குள் எதையும் சேமிக்க முடியாது, எல்லாம் பிளொப்பியில்தான். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் புகைய, நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வகுப்பு. நான் உதவி ஆசிரியர். இருபது கட்டளை தெரிந்த மமதையில் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனை குத்தியிருப்பேன்.

பிளொப்பி கொழும்பிலிருந்து வரவேண்டும். சோதனைச் சாவடியில் எதை விடுவார்கள், எதைப் பறிப்பார்கள் என்று சொல்லமுடியாது. அதனால் உறையின் ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டி, மற்றப் பக்கத்தையும் பாவிப்போம். அப்படி எங்களிடம் இருந்தவை பத்து.

ஒருநாள் உடுப்பிட்டியிலிருந்து சரசு அக்கா சைக்கிளில் வந்தார். தரைப்பாதை மூடியிருந்ததால் கிளாலிக் கடலால் படகில் போன அவருடைய புருஷன் திரும்பவில்லை. அப்படிப் போனவர்களை ஊர் ஊராக விசாரித்து ஒரு கொப்பியில் எழுதியிருந்தார்: பெயர், ஊர், கடைசியாக உடுத்திருந்த உடுப்பு.

"கொப்பி நனைஞ்சா போயிடும் தம்பி. உந்தப் பெட்டியிலை ஒருக்கால் பதிஞ்சு வையுங்கோ."

தவம் அண்ணை என்னைப் பார்த்தார். "இடமிருக்கோ?"

"இல்லை அண்ணை. எல்லாம் நிரம்பிட்டுது."

அது பொய். பத்தாவது பிளொப்பியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. செல் குண்டு விழும் சத்தத்துக்கு நடுவே இருந்த ஒரே சந்தோஷம் அது. அழிக்க மனம் வரவில்லை.

அண்ணை தானே கொழும்புக்குப் போனார். ஒரு கந்தோர் கழித்துவிட்ட பழைய பிளொப்பிகள் மலிவாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். வாங்கிக்கொண்டு திரும்பும்போது கடலில் படகுக்கு வெடி விழுந்தது. தப்பிக் கரையேறிய ஒருவர், ஒதுங்கிக் கிடந்த பையை ஒரு கிழமை கழித்துக் கொண்டுவந்து தந்தார். அண்ணையின் உடல் கிடைக்கவில்லை.

பையில் நாற்பது பிளொப்பிகள். உறைகளைப் பிரித்து, உள்ளே இருந்த தட்டுகளை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்தேன். ஆறு மட்டும் வேலை செய்தன. அவற்றில் அந்தக் கந்தோரில் வேலை செய்த யாரோ எழுதிய விடுமுறைக் கடிதங்கள் இருந்தன. அழித்துவிட்டுப் பட்டியலை அடித்தேன். சரசு அக்கா பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக வாசித்தார். முடிந்ததும் கொப்பியை மூடாமல் கேட்டார்:

"தவத்தின்ரை பேரையும் போடுறீங்களோ?"

போட்டேன். மானிப்பாய். நீலக்கோடன் சேட்டு. விளையாட்டைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூற்றைந்தில் ஆமி நெருங்க, சனமெல்லாம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது பிளொப்பிகளைப் பொலித்தீனில் சுற்றி எடுத்துப் போனேன். நாவற்குழிப் பாலத்து நெரிசலில் பை எங்கே விழுந்ததென்று தெரியாது. சரசு அக்காவையும் அதன்பிறகு காணவில்லை. திரும்பி வந்தபோது வகுப்பு நடந்த வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்தான் கிடந்தது. அந்தப் பட்டியலில் நூறு பேருக்கு மேல். எல்லாம் நானே என் கையால் அடித்த பெயர்கள். யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒன்பதுக்கு மேல் வருவதில்லை.