தாழ்ந்த வண்டிக்குப் பெரிய சக்கரம்

"ஸ்பிரிங்கை மாத்தி வண்டியைக் கொஞ்சம் தூக்கிட்டா தீர்ந்துச்சு. எதுக்குண்ணா இந்தப் பாடு?" என்று தங்கை கேட்டாள்.

காருக்கு அடியிலிருந்து பதில் வந்தது. உயரமான வண்டி தெருவுக்குப் பத்து இருக்கிறது என்றான் அண்ணன். பெரிய சக்கரம் எதற்கு என்று அவள் விடவில்லை. வண்டியைத் தாழ்த்திவிட்டுப் பழைய சக்கரத்தோடு விட்டால், வளர்ந்த ஆள் சின்னப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி இருக்குமாம். பெரிய சக்கரம் மேலே மட்கார்டில் போய் இடித்தால் என்றாள். "இடிக்காம செய்யறதுதானே வேலை," என்று சொல்லி, ஸ்பானருக்குக் கையை நீட்டினான். பேச்சு அதோடு முடிந்தது.

அண்ணன் லிப்ட் பழுது பார்ப்பவன். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களோடு கதவிடுக்கு வழியாகப் பேசிப் பேசி நிதானமாகிப் போன குரல். கோபம் வராது, பிடித்த பிடியையும் விடமாட்டான். அவனைவிடச் சில வயதே இளைய அந்தக் காரைத் தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தான். கூட வேலை செய்கிறவர்கள் அதற்குக் கரப்பான் என்று பெயர் வைத்து, இதற்குள் ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள்.

அண்ணிக்கு அப்போது ஏழாம் மாதம். அவள் சத்தம் போடுகிற ரகமில்லை. சாப்பிடும்போது ஒருநாள் நிதானமாகச் சொன்னாள்: "வீட்டுல எல்லாரும் உக்காந்து நம்ம பார்க்கிங் சரிவுல ஏறி இறங்கணும். டயர் ஒரு தடவை உரசினாலும் வண்டியை வித்துடணும். கைக்குழந்தையை வச்சுக்கிட்டு, டயர் எப்போ கிழியும்னு நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்கார முடியாது."

சரி என்றான் அண்ணன்.

பழையதைவிட இரண்டு அங்குலம் பெரிய ரிம், பக்கச்சுவர் மெலிந்த டயர். ஜாக்கியில் தூக்கியபோது சக்கரம் தங்குதடையின்றிச் சுழன்றது. அதை அவன் நம்பவில்லை. தொங்குகிற சக்கரம் எப்போதும் நல்ல பிள்ளைதான் என்றான். வண்டியை இறக்கி, டிக்கியில் மணல் மூட்டைகளை அடுக்கினான். பாரம் ஏற்றிப் பார்க்காமல் எந்த லிப்டையும் அவன் ஓட விட்டதில்லை. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஏறினார்கள். அண்ணி முன்னால், அப்பா, அம்மா, தங்கை பின்னால். அப்பா ஒருவரே இரண்டு மூட்டைக்குச் சமம். சரிவின் வளைவில் வண்டி திரும்பியதும், அவர் பக்கத்துப் பின்சக்கரம் கர்ரென்று உரசியது.

"கல்லு ஏதாவது சிக்கியிருக்கும்," என்றாள் அம்மா, மகனுக்குப் பரிந்துகொண்டு. அப்பா ஜன்னல் வழியே சுவரை ஆராய்ந்தார்.

"கல்லு இல்லம்மா. டயர்தான்," என்றான் அண்ணன்.

மேலே வந்து நிறுத்தி, மட்கார்டுக்குள் கையை விட்டுத் தடவினான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். லிப்ட் நேராக ஏறும், நேராக இறங்கும். வளைவில் பாரம் முழுக்க ஒரு பக்கமாகச் சாயும் என்பது, லிப்டோடே குடித்தனம் நடத்தியவன் மண்டையில் ஏறவே இல்லை.

சொன்னபடி விற்றுவிடுகிறேன், ஆனால் அதற்கு முன் இன்னும் ஒரே ஒரு தடவை, உரசாவிட்டால் வைத்துக்கொள்ளலாமா என்று அண்ணியிடம் கேட்டான். அவள் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை. எனக்குப் பதிலா ஒரு மூட்டையை வச்சுக்குங்க. அத்தை கல்லும்பாங்க, மாமா சுவரைப் பார்ப்பாரு. உங்க தங்கச்சி வந்து சொல்லட்டும், நம்பறேன்."

அந்த வாரம் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் வண்டியடியில் புகுந்தான். பெயின்ட் வெடிக்காதபடி மட்கார்டின் உள்விளிம்பைச் சூடு காட்டிக் காட்டி, மயிரிழை மயிரிழையாக உள்பக்கம் மடித்தான். டயர் எங்கே தொடுகிறது என்று பார்க்க, பிள்ளைகள் பொம்மை செய்யும் களிமண்ணை உள்ளே அப்பி, தனியாகச் சரிவில் ஓட்டிப் பார்த்தான். களிமண்ணில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பின்சீட்டில் அப்பா இல்லையே.

சனிக்கிழமை சாயங்காலம், கையைத் துடைத்துக்கொண்டே தங்கையின் அறை வாசலில் வந்து நின்றான்.

"நாளைக்கு நீ அப்பாவை ஒட்டி உக்காரு. காதை அந்தச் சக்கரத்து மேலேயே வையி. உரசுச்சுன்னா உரசுச்சுன்னு அண்ணிகிட்ட சொல்லிடு. என் மூஞ்சியைப் பார்க்காத."