பொட்டு வைத்த மோட்டார்

கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்தை ஒட்டிய ஒற்றை ஷட்டர் கடையில் இரண்டு தொழில்கள் நடந்தன. முன்பக்கம் பூபாலன் எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவார். தடுப்புக்குப் பின்னால் அவர் மனைவி சுலோச்சனா பிளவுஸ் தைப்பார். பள்ளிப்பட்டிலிருந்துகூடக் கல்யாணத் துணி இங்கே வரும். கழுத்துக்குச் சுலோச்சனா வெட்டும் வளைவு அப்படி. மழை நன்றாகப் பெய்த வருடங்களில் மோட்டார்கள் எரிவதில்லை. பூபாலன் சும்மா உட்கார்ந்திருப்பார். அப்போதெல்லாம் குடும்பம் ஓடியது அந்தக் கத்தரிக்கோலில்தான்.

அப்படிப்பட்ட ஒரு மழை வருடத்தில் கௌதமன் வந்தார். அரக்கோணத்தில் ரயில்வே வேலை. ரிமோட்டில் விமானம் விடப் பழகிக்கொண்டிருந்தார். கடற்படையின் விமானத் தளம் இருப்பதால் அங்கே விட முடியாது, கண்டிகை ஏரிக்கரைக்கு வருவார். மூன்று முறை மூக்கு உடைந்த ஒரு ஃபோம் விமானத்தையும், அதற்கு மாற்றாகப் புதிதாய் வாங்கிய, எலுமிச்சம்பழம் அளவு மோட்டார் ஒன்றையும் மேசையில் வைத்தார்.

"ஆயிரம் கேவின்னு போட்டிருக்கு பாருங்க. இது தாங்குமா?"

"ஆயிரம் கிலோவோல்ட்டா? டவர் லைன்லயே அவ்ளோ வராது நைனா. தொட்டா உன்னைச் சொம்புலதான் எடுத்துகினு போவணும்."

கௌதமன் சிரித்துவிட்டு விளக்கினார். ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் அந்த எண். வேகம் வேண்டும் என்று அவர் முதலில் வாங்கியது இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கையை விட்டு விமானம் சீறிப் போனது. திருப்புவதற்குள் கரையில் மோதியது. பழகுகிறவருக்கு எண் குறைந்த மோட்டாரும், அதில் நிதானமாகச் சுற்றும் பெரிய விசிறியும்தான் சரி என்று இருவருமாகக் கண்டுகொண்டார்கள்.

பொருத்துவதிலும் தடுமாறினார்கள். பம்ப்செட் பழக்கத்தில் பூபாலன் மோட்டாரின் வெளிக்கூட்டைப் பட்டை போட்டு இறுக்கினார். இந்த மோட்டாரில் சுற்றுவதே வெளிக்கூடுதான். பட்டை பிய்ந்து, புகை வந்தது. அடுத்த மோட்டாரை முதுகுப்பக்கம் நான்கு திருகு போட்டு பிளைவுட்டில் நிறுத்தினார். திருகு நீளமானால் காயிலைக் குத்தும் என்று நுனியை அரத்தால் ராவினார். மோட்டாரின் மூக்கு சற்று வலப்புறமும் கீழேயும் சாய்ந்திருந்தால்தான் விமானம் நேராகப் போகிறது என்பது புரிய ஒரு மாதம் ஆனது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு ஆட்களும் விமானத்தோடு வந்தார்கள்.

ஒன்றை மட்டும் பூபாலன் பழைய கணக்கிலேயே வைத்திருந்தார். பம்ப்செட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் நிற்கும். நின்றுவிட்டால் அதில் கரண்ட் இல்லை. விமானத்தில் பேட்டரி செருகியிருக்கும்வரை நிற்கிற மோட்டாரும் ரிமோட்டில் வேகம் கூட்டும் குச்சி மேலே ஏறுவதற்காகக் காத்திருக்கிறது.

ஆயுத பூஜையன்று காலை பூபாலன் கௌதமனின் புது விமானத்தில் விசிறி மாட்டி, எவ்வளவு இழுக்கிறது என்று ஓட்டிப் பார்த்தார். குச்சியைக் கீழே இறக்கினார், விசிறி நின்றது. பேட்டரியைக் கழற்றவில்லை. சுலோச்சனா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். தையல் மிஷின், கத்தரிக்கோல், காயில் சுற்றும் மிஷின், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று.

"பாவா, இதுக்கும் வெக்கவா?"

"ஆங், வை. இதுவும்தான நமக்குச் சோறு போடுது."

"நடுவுல பெருசா ஒண்ணு வெக்கிறேன். இல்லனா ஏரிக்கரைல ஊர்க் கண்ணு பட்டுடும்." இடது கையால் விசிறியைப் பிடித்து, வலது கை விரல்களால் சந்தனத்தை இட்டார். "ரிமோட்டுக்கு?"

"அதுக்கு நான் வெக்கிறேன், இரு."

பூபாலன் கட்டைவிரலைச் சந்தனத்தில் தோய்த்து, ரிமோட்டில் கண்ணில் பட்ட உயரமான இடத்தில் அழுத்தினார். அது குச்சியின் தலை. ஈரச் சந்தனத்தில் வழுக்கிய விரல் குச்சியை மேலே தள்ளியது.

சுலோச்சனாவின் இடது கை கீறலோடு தப்பியது. வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எலும்பு தெரியும்வரை கிழிந்தன. சென்னையில் நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு விரல் மடங்குவதற்காக வெதுவெதுப்பான மெழுகில் கை வைத்தார், பந்தைப் பிசைந்தார். நடுவிரல் மெல்ல மடங்கியது. ஆள்காட்டி விரல் நேராகவே நின்றது.

பக்கத்து வீட்டு வள்ளியம்மாள் பார்க்க வந்து, "பொம்மை ஏரோப்ளேனுக்கு எவளாச்சும் பொட்டு வெப்பாளா?" என்றார்.

"தையல் மிஷினுக்கு வெச்சா நீ கன்னத்துல போட்டுக்குவ. இதுக்கு வெச்சா பொம்மையா? உன் வேலையப் பாத்துகினு போக்கா" என்றார் சுலோச்சனா.

தை மாதக் கல்யாணத் துணிகள் வேறு கடைக்குப் போயின. பூபாலன் துணி வெட்டித் தர முயன்றார், கழுத்து கோணலானது. விமான வேலையை அவர் விடவில்லை, வேறு வருமானம் இல்லை. விசிறியைத் தனிக் கவரில் போட்டுத்தான் கொடுத்தார். கடைக்குள் மாட்டவே மாட்டார். சுலோச்சனாவிடம் பேசும்போது முகத்தை மட்டும் பார்த்தார்.

பங்குனியில் டாக்டரிடம் சுலோச்சனா தானே பேசினார். "மடங்காத விரல் குறுக்க நிக்குது சார். துணிய நவுத்தும்போது ஊசிக்கடியில போவுது, கத்திரி வளையத்துல நுழைய மாட்டேங்குது. எடுத்துட்டீங்கன்னா நடுவிரல வெச்சிப் பழகிக்குவேன்."

"செய்யலாம்மா. சிலர் அப்படிக் கேட்கிறதுண்டு. எடுத்தா எடுத்ததுதான், யோசிச்சுக்குங்க."

பூபாலன் எழுந்துவிட்டார். "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம் சார். மடங்கும். வாணாம் சுலோச்சனா, நல்லாதான இருக்குது விரலு."

"உனுக்குப் பாக்கறதுக்கு வேணும் பாவா அந்த விரலு. எனுக்குத் தைக்கணும்."

டாக்டர் பூபாலனைப் பார்த்தார். பூபாலன் சுவரைப் பார்த்துச் சரியென்று தலையாட்டினார்.

சுலோச்சனா கேட்டார்: "வைகாசி முகூர்த்தத்துக்கு முன்னாடி புண்ணு ஆறிடுமா சார்?"