அக்காவுக்குப் பசிப்பதில்லை

என் கணவருடைய அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஊட்டியில் ஒரே காம்பவுண்டில் இருக்கிறோம். கீழ்வீடு எங்களுடையது, மாடி அவர்களுடையது. எனக்கும் அக்காவுக்கும் சர்க்கரை, இருவரும் குண்டு. உடம்பைக் குறைக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் அரசு ஆஸ்பத்திரி டாக்டர். சோற்றைக் குறை, இனிப்பை விடு, நட என்றார். அக்காவுக்குச் சொன்னவர் கோயம்புத்தூர் டாக்டர். வாரம் ஒரு ஊசி, பசியையே அடக்கிவிடும், பேனா மாதிரி இருக்கும், தானே வயிற்றில் போட்டுக்கொள்ளலாம்.

நான் பேக்கரியில் வர்க்கி பிஸ்கட் பாக்கெட் போடுகிறேன். சூட்டோடு தட்டுகள் வெளியே வரும்போது அந்த வாசனைக்கு நடுவில் நின்றுகொண்டு முட்டைக்கோஸ் பொரியலும் ஒரு கரண்டிச் சோறும் தின்பேன். இரவுக்குக் கேழ்வரகுக் களியும் கீரையும். பசி என்னுடன் வேலைக்கு வந்து என்னுடனேயே வீடு திரும்பும்.

அக்கா மளமளவென்று இளைத்தார். பொறாமை எனக்கு அவர் இளைத்ததில்கூட இல்லை, பசிக்காமல் இளைத்ததில்தான். "சோத்தப் பாத்தாலே வேண்டாம்னு இருக்குது கண்ணு" என்று பிரியாணித் தட்டைப் பாதியில் தள்ளிவைப்பார். அந்தத் தட்டு கழுவப் போகும்வரை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நானும் இளைத்தேன், மெதுவாக. ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைத்தேன். யாராவது ஒருவர் அதைக் கவனித்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்டு வாங்கும் சுபாவம் எனக்கில்லை.

குன்னூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒரு பெரியம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, பொண்ணுக்குத் தோழியா நிக்கலாம் போல இருக்கறீங்க! என்னதானுங்க சாப்புடறீங்க?"

"ஒண்ணுமே சாப்புடறதில்லீங்க" என்றார் அக்கா. அதில் பொய்யும் இல்லை.

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா இப்பிடி வாடிக் கெடக்கற? சர்க்கரை ஏறிப்போச்சா?"

"இல்லீங்க" என்றேன். "அவ எப்பவுமே அப்பிடித்தானுங்க" என்று என் கணவர் சிரித்தார். பந்தியில் ஜாங்கிரியை இலையோரம் ஒதுக்கிவிட்டு எழுந்தேன். அதையும் யாரும் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் பல வீடுகளில் ஃபிரிட்ஜ் கிடையாது. இந்தக் குளிருக்கு அது எதற்கு என்பார்கள். ஊசியைக் குளிரில் வைக்கச் சொன்னதால் அக்கா அதை ஒரு டப்பாவில் போட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்தார். ஜனவரியில் உறைபனி கொட்டிய ஒரு காலை, கேரட் தோட்டமெல்லாம் வெள்ளையாகக் கிடக்க, மாடியிலிருந்து அலறல் கேட்டது. வாங்கி வைத்திருந்த மருந்து முழுவதும் கட்டியாக உறைந்துபோயிருந்தது. உருகினாலும் போடக்கூடாது, தூக்கி எறியுங்கள் என்று கோயம்புத்தூர் டாக்டர் போனில் சொல்லிவிட்டார். புதிது வரச் சில வாரங்கள் ஆகுமாம்.

"அடப் பாவமே" என்று வாய் சொன்னது. அன்று பேக்கரிக்கு நடந்தபோது என் கால்கள் தரையில் படவில்லை.

கொஞ்ச நாளில் அக்காவுக்குப் பசி திரும்பியது. சாயங்காலமானால் கீழே இறங்கி வந்துவிடுவார்.

"என்ன புள்ள வெச்சிருக்கற? களியா? இதையா தெனமும் திங்கற?"

"ஆமாங்க அக்கா."

"தின்னு கை கழுவறதுக்குள்ள மறுபடியும் பசிக்குது. சட்டிய ஒளிச்சு வெய்யி. இல்லீன்னா அதையுஞ் சேத்துத் தின்னுருவேன்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. பசியில் எனக்கு ஒரு துணை கிடைத்திருந்தது. அதுவும் அக்காவே.

ஒரு சாயங்காலம் நானும் அக்காவும் களி தின்றுகொண்டிருக்கும்போது என் கணவர் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னார். "அண்ணி, ஊசி வந்துருச்சாமா. காத்தால மொத பஸ்ல கோயமுத்தூர் போயி நானே வாங்கியாரேன்."

எனக்குத் தெருமுனைக் கடையில் கேழ்வரகு மாவு வாங்கிவரச் சொன்னால்கூட மறந்துவிட்டு வருகிறவர்.

அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "எப்பிடிப் புள்ள இத்தன மாசமா இதத் தாங்குன? நீயும் பாதியாத்தான் ஆயிருக்கற. எனக்குக் கண்ணே தெரியல பாரு."

எத்தனையோ மாதமாக நான் காத்திருந்த பேச்சு அது. அதற்குள் அவர் எழுந்து கையைக் கழுவிவிட்டார். "போதும் கண்ணு, இனி ஊசி வந்துருமல்ல." பரீட்சை முடிந்து வீட்டுக்குப் போகும் பிள்ளை மாதிரி மாடிப்படி ஏறினார்.

கணவர் அக்காவின் தட்டைப் பார்த்தார். "அண்ணி ஏன் பாதியில எந்திரிச்சுட்டாங்க?"

"அவங்களுக்கு இனிப் பசிக்காதுங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு டிவியைப் போட்டார். நான் சட்டியை மூடினேன். இன்னொரு உருண்டை தின்னலாம் போலத்தான் இருந்தது.