நீலாம்பாள் பார்க்காத குகை

நீலாம்பாள் புளிச்சோற்றை மந்தாரை இலையில் வைத்து, மடித்து, நாரால் கட்டிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் பஸ் வந்து நின்றுவிட்டது. இரண்டு பொட்டலம் போதும் என்ற இடத்தில் அவள் ஏழெட்டு கட்டுவாள். வழியில் யாருக்காவது பசித்தால் என்ன செய்வது என்று கேட்பாள்.

1968, கார்த்திகை அமாவாசை. அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. நெசவுக்காரர்கள் சேர்ந்து பஸ் பிடித்து, புத்தூர் மலைப் பக்கம் ஓர் அருவிக்குக் கிளம்பினார்கள். அருவிக்குப் பின்னால் குகை, அதற்குள் ஒரு லிங்கம். போகாதவர்களே இல்லை என்று அப்போது பேச்சு. நான் பிரசவ நர்ஸ். குழந்தைகள் வழுக்கி விழுந்தால் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

நீலாம்பாளுக்கு நாற்பது ஆகவில்லை. பிள்ளை இல்லை. தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவு தீரும்போது புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய நுனியோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு செய்கிற வேலை. பாவு பிணைப்பது என்பார்கள். அதுதான் அவள் தொழில். மறுநாள் பாவு இருந்தால் முதல் நாள் தண்ணீரில் கை வைக்கமாட்டாள். அன்று பாத்திரம் துலக்குவது அவள் புருஷன் பஞ்சாட்சரம்தான். அதிகம் பேசாத மனிதர். கல்யாணமானதிலிருந்து இருவரும் சேர்ந்து ஊரைத் தாண்டியதில்லை. இந்தப் பயணத்துக்கு இருவர் பெயரையும் கொடுத்தது அவர். அதையே அவள் என்னிடம் அதிசயம் போலச் சொன்னாள்.

பஸ்ஸில் அவருடைய தங்கை வள்ளி அவரைச் சும்மா விடவில்லை. "இன்னாண்ணே, பொண்டாட்டியோட ஊரு தாண்டுறியே, பாஸ்போர்ட்டு எடுத்தியா?" என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. பெண்கள் புடவையோடு உள்ளே போய்க் கத்தினார்கள். நீலாம்பாள் ஒரு பாறையில் எல்லாருடைய உலர்ந்த துணிகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பஞ்சாட்சரம் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"வா. குகைக்குப் போயிட்டு வரலாம்."

அவள் விரல்களை விரித்துக் காட்டினாள். "நாளைக்கு உமாபதி வூட்டுத் தறிக்கு முகூர்த்தப் புடவைப் பாவு. மலைத் தண்ணி பட்டா விரலு வெடிச்சிடும், பட்டு சிக்கும். நீங்க பார்த்துட்டு வாங்க."

"கொஞ்ச நேரந்தான்."

"அடுத்த வருசம் வரலாம்."

அவர் குகைப் பக்கம் நடந்தார். ஒரு குளியலில் யாருக்கும் விரல் வெடிக்காது. வெடிக்கும் என்று எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் நம்பினார்கள்.

திரும்பும்போது குகை எப்படி என்று அவள் கேட்டாள். நன்றாக இருந்தது என்றார். விளக்கு ஏற்றியிருந்தார்களா என்றாள். ம் என்றார்.

அடுத்த வருஷம் பஸ் பிடிக்க யாரும் முன்வரவில்லை. அதற்கடுத்த வருஷம் அவருக்கு மூச்சிரைப்பு வந்தது. மலைப் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். எழுபத்துமூன்றாம் வருஷம் போய்விட்டார். கடைசி நாட்களில் அவரைப் படுக்கையில் திருப்பிப் போட்டு, துடைத்து, கஞ்சி கொடுத்தவள் நான். எது எதையோ பேசினார். குகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் நீலாம்பாளுக்குக் குகை விஷயம், அருவிக்குப் போய்வந்த மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. உமாபதியின் மருமகள் பிரசவித்திருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்ட நான் அங்கே போயிருந்தேன். கூடத்தில் நீலாம்பாள் பிணைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்த வள்ளி குகைக் கதையை அளந்தாள். உள்ளே கும்மிருட்டாம், இடுப்பளவு தண்ணீராம், ஆம்பிளைகள் அவரவர் பெண்டாட்டியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்களாம்.

"உங்கண்ணன் தனியாவா வந்தாரு?" என்றாள் நீலாம்பாள்.

"அண்ணன் எங்க உள்ள வந்துது, அண்ணி? வாசல்லயே நின்னுக்கினு இருந்துது. கூப்ட்டுப் பார்த்தேன். 'அவ மனசு மாறி வந்தாலும் வருவா'ன்னுது. பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கறவரைக்கும் அங்கியேதான்."

நீலாம்பாள் எழுந்தாள். பிணைக்க உட்கார்ந்தவள் பாவு முடியாமல் எழுந்திருப்பது எங்கள் தெருவில் வழக்கமில்லை. மயக்கமோ என்று குழந்தையை ஆயாவிடம் கொடுத்துவிட்டு நான் பின்னாலேயே போனேன்.

பஞ்சாட்சரம் தறிக்குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், தறியில் குறுக்கே ஓடிக்கொண்டிருந்த நாடா நின்றது.

"அதுக்குள்ள முடிஞ்சிதா?"

"இல்ல."

"பின்ன?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொன்னாள். பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, நின்றபடியே முழுவதையும் குடித்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உமாபதி வீட்டுக்குத் திரும்பி, மீதி இழைகளைப் பிணைக்க உட்கார்ந்தாள்.